மின்னாத டயலில் மிச்சமிருப்பது என்ன?

நம்மூரில் இருட்டில் பளிச்சென்று தெரிகிற எதற்கும் ரேடியம் என்றுதான் பெயர். பைக்கின் பின்னால் ஒட்டுவது ரேடியம் ஸ்டிக்கர், அதை வெட்டித் தருகிற கடை ரேடியம் கடை, பிள்ளைகள் படுக்கும் அறையின் கூரையில் ஒட்டுகிற நட்சத்திரமும் ரேடியம். இவற்றில் எதிலும் ரேடியம் கிடையாது. வண்டி ஸ்டிக்கர், எதிரே வரும் விளக்கின் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பியனுப்பும் தாள். கூரை நட்சத்திரம், பகலில் வாங்கிய ஒளியை இரவில் மெல்லக் கசியவிடும் பொடி. பெயர் மட்டும் தாத்தா காலத்துக் கைக்கடிகாரத்திலிருந்து இறங்கி வந்து இங்கே ஒட்டிக்கொண்டது.

அந்தத் தாத்தா காலத்துக் கடிகாரத்தை, உண்மையாகவே ரேடியம் பூசிய கடிகாரத்தை, இன்று இருட்டறைக்குள் எடுத்துப் போனால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. எண்களும் முட்களும் கருத்துப்போய்க் கிடக்கும். பழைய கடிகாரம் விற்பவர்கள் இதைப் பார்த்து, "ரேடியம் எல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சு சார், பயமே இல்லை" என்று நம்பிக்கையோடு சொல்வார்கள். வாங்குபவரும் தலையாட்டுவார். இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் தவறைப் புரிந்துகொண்டாலே, பழைய டயலில் பூசியிருப்பது என்ன என்று கண்டுபிடிக்கும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

இருட்டில் ஒளிர்வதற்காக டயலிலும் முட்களிலும் பூசும் பூச்சைச் சேகரிப்பாளர்கள் 'லூம்' என்கிறார்கள். பழைய லூமில் இரண்டு சரக்குகள் உண்டு. ஒன்று, ஓயாமல் கதிரை உமிழும் தனிமம். மற்றொன்று, அந்தக் கதிர் பட்டால் ஒளியாக மாற்றித் தரும் படிகம். ஏறக்குறைய எப்போதும் அது துத்தநாக சல்பைடு, கூடவே மிகச் சிறிதளவு செம்போ வெள்ளியோ. கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளி முழுக்க இந்தப் படிகத்தின் உழைப்பு. ரேடியம் அதை அடித்து வேலை வாங்கும் எஜமான்.

எஜமான் அடிக்கிற அடி சாதாரணமானதல்ல. ரேடியத்திலிருந்து வெளிப்படும் ஆல்ஃபா துகள் கனமானது, வேகமானது. ஒவ்வொரு துகளும் படிகத்துக்குள் பாயும்போது வழியில் இருக்கும் அணுக்களை இடம்பெயர்த்துவிட்டுப் போகிறது. சில ஆண்டுகளிலேயே பூச்சின் பிரகாசம் வெகுவாகக் குறையும், சில பத்தாண்டுகளில் படிகம் செத்துவிடும். ரேடியம்-226 இன் அரை ஆயுட்காலமோ 1,600 ஆண்டுகள். நூறு ஆண்டுக்கு முன்னால் பூசிய டயலில் இன்றும் நூற்றுக்கு 96 பங்கு ரேடியம் அப்படியே இருக்கிறது. ஒளி நின்றுபோனதற்குக் காரணம் படிகத்தின் மரணம். கதிர் இன்னும் நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் வந்துகொண்டிருக்கும்.

டிரிட்டியத்தின் கதை இதற்கு நேர் எதிர். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான அதன் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டுகள். அறுபது ஆண்டுக்கு முந்தைய டிரிட்டியம் டயலில் இன்று மிச்சம் நூற்றுக்கு மூன்று பங்கும் கொஞ்சமும். அது உமிழும் பீட்டா துகள் மிக மெலிந்தது, படிகத்தை ரேடியம் அளவுக்குச் சிதைப்பதில்லை. ஆகவே டிரிட்டியம் டயலில் முதலில் ஓய்ந்துபோவது எஜமான். படிகம் ஓரளவு உயிரோடு காத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு டயலும் ஒன்றுபோல் இருட்டாக இருக்கும். உள்ளே எது செத்தது, எது பிழைத்திருக்கிறது என்று கண்டறிவதுதான் நாம் செய்யவேண்டிய சோதனைகளின் சாரம்.

தூரிகையை உதட்டில் கூராக்கியவர்கள்

சோதனைகளுக்குப் போவதற்குமுன் இந்தப் பூச்சைத் தீட்டிய கைகளைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அவர்களைச் சொல்லாமல் லூமின் நிறத்தை மட்டும் ரசித்துப் பேசுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

மேரி கியூரியும் பியர் கியூரியும் 1898 இல் ரேடியத்தைக் கண்டறிந்தார்கள். அடுத்த இருபதாண்டுகளுக்குள் அது டயலுக்கு வந்துவிட்டது. முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் இருந்த சிப்பாய்க்குத் தீக்குச்சி கிழிக்காமல் மணி பார்க்கவேண்டியிருந்தது. தேவை திடீரென்று பெருகியது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்ச் என்னும் ஊரில், சேபின் வான் சொகோக்கி என்ற மருத்துவர் உருவாக்கிய 'அன்டார்க்' என்னும் பூச்சைக் கொண்டு இளம்பெண்கள் டயல் தீட்டினார்கள். அவர்கள் வேலை பார்த்த நிறுவனம் பின்னாளில் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறியது.

பூச்சுப் பொடியைப் பிசினும் தண்ணீரும் விட்டுக் குழைப்பார்கள். எண்ணின் வளைவுக்குள் தீட்ட ஊசிமுனை போன்ற தூரிகை வேண்டும். தையல்காரர் நூல் நுனியை நாக்கில் ஈரமாக்கிக் கூராக்குவதைப்போல, அந்தப் பெண்கள் தூரிகையை உதடுகளுக்கிடையே வைத்துக் கூராக்கினார்கள். அப்படித்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் உள்ளே போனது. உடலுக்கு ரேடியம் சுண்ணாம்புச் சத்துபோலத் தெரியும். எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சேர்ந்தது வெளியே வராது. அங்கேயே உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கும்.

மோலி என்று அழைக்கப்பட்ட அமீலியா மாஜியா 1922 இல் தாடையெலும்பு அரித்துப்போய் இறந்தார். இறப்புச் சான்றில் பால்வினை நோய் என்று எழுதினார்கள். 1927 இல் உடலைத் தோண்டியெடுத்துச் சோதித்தபோது எலும்புகள் கதிரியக்கத்தோடு இருந்தன. எசெக்ஸ் கவுன்டியின் மருத்துவ ஆய்வாளர் ஹாரிசன் மார்ட்லண்ட், 1925 முதலே இந்தப் பெண்களின் நோய்க்கும் பூச்சுக்கும் உள்ள தொடர்பை நிறுவிக்கொண்டிருந்தார். கிரேஸ் ஃப்ரையர் உள்ளிட்ட ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928 ஜூனில் சமரசத்தில் முடிந்தது: ஆளுக்கு 10,000 டாலர், ஆண்டுக்கு 600 டாலர் உதவித்தொகை. அன்டார்க்கை உருவாக்கிய சொகோக்கியும் அதே ஆண்டு நவம்பரில் இரத்தம் ஊறாமல் போகும் நோயில் இறந்தார். இல்லினாய் மாநிலத்து ஒட்டாவாவில், வெஸ்ட்கிளாக்ஸ் கடிகாரங்களுக்கு டயல் தீட்டிய ரேடியம் டயல் கம்பெனியில் இதே கொடுமை தொடர்ந்தது. கேத்தரின் டோனஹியூ படுத்த படுக்கையாக இருந்தபடி 1938 இல் வழக்கை நடத்தி வென்று, அதே ஆண்டில் இறந்துபோனார்.

இந்தக் கதையில் நம் கடற்கரைக்கும் ஒரு இழை உண்டு. அன்றைய அமெரிக்கப் பூச்சுகளில் விலையுயர்ந்த ரேடியம்-226 உடன் 'மீசோதோரியம்' என்ற மலிவான சரக்கையும் கலந்தார்கள். அது ரேடியத்தின் இன்னொரு வடிவம், ரேடியம்-228. 1907 இல் ஓட்டோ ஹான் கண்டறிந்தது. மோனசைட் மணலிலிருந்து தோரியம் எடுக்கும்போது உடன் கிடைக்கும் பொருள் அது. தோரியம் எதற்கு? கல்யாண ஊர்வலத்துப் பெட்ரோமாக்ஸில் எரிந்ததே வெள்ளை வலைப்பை, அந்த மாண்டிலுக்கு. மாண்டில் தொழிலுக்கான மோனசைட் உலகச் சந்தைக்கு வந்தது முக்கியமாக இரண்டு கடற்கரைகளிலிருந்து: பிரேசில், பிறகு அன்றைய திருவிதாங்கூர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலிருக்கும் மணவாளக்குறிச்சியில் 1909 இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் மோனசைட்டைக் கண்டறிந்தார். குறிப்பிட்ட ஒரு டயலில் நம்மூர் மணலின் சாரம் இருந்தது என்று யாரும் விரல்வைத்துக் காட்ட முடியாது. ஆனால் மாண்டிலும் டயலும் ஒரே வணிகத்தின் இரு கிளைகள் என்பது உறுதி.

அடையாளம் காணும் வேலைக்கும் இது பயன்படும். ரேடியம்-228 இன் அரை ஆயுட்காலம் 5.75 ஆண்டுகள்தான். 1920களின் டயலில் கலந்திருந்த மீசோதோரியத்தில் இன்று லட்சத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. இன்று, கதிரை அளக்கும் கைகர் கருவி காட்டுவது, கூடவே கலந்த ரேடியம்-226 இன் கதிர்.

ஆறு மணிக்குக் கீழே

பழைய கடிகாரத்தைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது டயலின் அடிவிளிம்பை. ஆறு மணிக் குறிக்குக் கீழே, சில சமயம் கண்ணாடி விளிம்புக்குள் பாதி மறைந்தபடி, பொடி எழுத்துகள் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் போதும்.

1960களின் தொடக்கத்தில் சுவிஸ் நிறுவனங்கள் ரேடியத்தை விட்டு டிரிட்டியத்துக்கு மாறின. புதிய சரக்கைத் தெரிவிக்க 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில 'டி' எழுத்தை அச்சிட்டார்கள். அந்த எழுத்துடன் '25-க்குக் கீழ்' என்ற குறி இருந்தால், கடிகாரத்திலுள்ள டிரிட்டியத்தின் அளவு 25 மில்லிக்யூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) உட்பட்டது என்று பொருள். பிரிட்டிஷ் இராணுவக் கடிகாரங்களில் இதே எழுத்தை ஒரு வட்டத்துக்குள் பார்க்கலாம். மேற்கு ஜெர்மானிய இராணுவத்துக்குச் செய்த ஹொயர் கடிகாரங்களில் சிவப்பு வட்டத்துக்குள் 3 என்ற எண்ணும் 'எச்' எழுத்தும் இருக்கும். அது ஹைட்ரஜன்-3, அதாவது டிரிட்டியம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் சோதனைக்கே வேலையில்லை. எழுத்துகள் ஏமாற்றும் இடங்களும் உண்டு.

வெறும் 'ஸ்விஸ்' என்று மட்டும் அச்சிட்ட ரோலெக்ஸ் டயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில் வந்த சப்மரைனர் என்னும் முக்குளிப்புக் கடிகாரத்தில் அப்படி இருந்தால் அது ரேடியம் காலத்து டயல். 1998–99 வாக்கில் செய்த சப்மரைனரிலும் அதே ஒற்றைச் சொல்தான் இருக்கும், ஆனால் அங்கே அதன் பொருள் கதிரியக்கமே இல்லாத லூமினோவா என்னும் புதுப் பூச்சு. டிரிட்டியத்தைக் கைவிட்டதும் 'டி' எழுத்தை எடுத்துவிட்டார்கள், சிறிது காலம் கழித்துத்தான் 'ஸ்விஸ் மேட்' என்று முழுதாக அச்சிட்டார்கள். ஏறத்தாழ நாற்பதாண்டு இடைவெளியின் இரு முனைகளிலும் ஒரே சொல். ஆகவே கடிகாரத்தின் கூடு எந்த ஆண்டினது என்று தெரியாமல் டயல் எழுத்தை வாசிப்பதில் பொருளில்லை. முதலில் வரிசை எண், மாதிரி எண், உள் எந்திரம் ஆகியவற்றை வைத்து வயதைக் கட்டுங்கள். எழுத்து அதற்குப் பிறகு.

இன்னொரு வழுக்கல், கிரேக்க சிக்மா. 1970களின் பல டயல்களில் 'டி' எழுத்தோடு சிறிய சிக்மா குறியும் இருக்கும். அதைக் கதிரியக்கக் குறி என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. மணிக்குறிகளும் முட்களும் தங்கத்தால் ஆனவை என்பதற்கான அடையாளம் அது, லூமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மாற்றக் காலமான 1962–64 தான் எல்லாவற்றிலும் சிக்கல். ரோலெக்ஸின் சில டயல்களில் ஆறு மணிக் குறிக்குக் கீழே ஒரு சிறு புள்ளி இருக்கும். வேறு சிலவற்றில் எழுத்துக்கு அடியில் சின்னக் கோடு இருக்கும். கதிர் குறைந்த பூச்சின் அடையாளம் அவை என்பது சேகரிப்பாளர்களின் வாசிப்பு. அந்த வாசிப்பை நம்பி விலை பல மடங்கு ஏறுகிறது. இத்தகைய டயலைக் கருவி வைத்து அளக்காமல் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

இடையில் வந்துபோன இரண்டு தனிமங்களையும் சொல்லிவிடுகிறேன். புரோமீத்தியம்-147 இன் அரை ஆயுட்காலம் 2.6 ஆண்டுகள். 1960களில் பூசியதில் இன்று கோடியில் ஒன்றிரண்டு பங்கு மிச்சமிருந்தால் அதிகம். எந்தக் கருவியிலும் காட்டாது. ஸ்ட்ரான்ஷியம்-90 வேறு ரகம். ரோலெக்ஸின் முதல் ஜிஎம்டி-மாஸ்டரில், 6542 என்ற மாதிரியில், கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பேக்கலைட் (ஒருவகை பிளாஸ்டிக்) வளையத்தின் எண்களுக்கு அடியில் அது இருந்தது. 1959 இன் இறுதியில் அமெரிக்காவில் அந்தக் கடிகாரங்களைத் திரும்பப் பெற்று வளையத்தை மாற்றினார்கள். மூல வளையத்தோடு ஒன்று இன்று கிடைத்தால் ஏலத்தில் விலை பறக்கும், கருவியும் சத்தம் போடும்.

விளக்கும் கருவியும்

டிரிட்டியத்தில் படிகம் பிழைத்திருக்கும், ரேடியத்தில் படிகம் செத்திருக்கும் என்று முன்னே பார்த்தோம். அதைச் சோதிக்க ஒரு புற ஊதா டார்ச் போதும். கள்ளநோட்டு பார்க்கப் பயன்படுத்தும் சாதாரண ஊதா விளக்கும் ஓரளவு உதவும். 365 நானோமீட்டர் டார்ச் கிடைத்தால் நல்லது, ஏனென்றால் அதில் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சம் குறைவு. இருட்டறையில் கண்ணைப் பத்து நிமிடம் பழக்கிக்கொள்ளுங்கள். டார்ச்சை டயல்மேல் பத்து விநாடி காட்டிவிட்டு அணையுங்கள். கவனிக்கவேண்டியது இரண்டு: வெளிச்சம் படும்போது பூச்சு எப்படித் தெரிகிறது, அணைத்த பிறகு எவ்வளவு நேரம் ஒளி நிற்கிறது.

ரேடியம் பூச்சு பெரும்பாலும் மங்கலாகக் கிடக்கும், அணைத்ததும் இருட்டு. டிரிட்டியம் பூச்சு மஞ்சள் கலந்தோ பச்சை கலந்தோ மிதமாக எழும்பி, விளக்கை அணைத்தபின் சில விநாடிகளில் வேகமாக மங்கி அடங்கும். லூமினோவா வகையோ கண்ணைக் கூசவைத்து, அணைத்தபிறகும் நீண்ட நேரம் தெளிவாக நிற்கும். 1960 களில் செய்தது என்று சொல்லி விற்கும் கடிகாரம் விளக்கை அணைத்துக் கால்மணி கழித்தும் பச்சையாக எரிந்தால், அந்தப் பூச்சு 1993 க்குப் பிந்தையது என்று தயங்காமல் சொல்லலாம். அந்த ஆண்டில்தான் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் லூமினோவாவை உருவாக்கியது. யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் கலந்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் அது. இந்த ஸ்ட்ரான்ஷியம் கதிரியக்கமற்ற சாதாரண ஸ்ட்ரான்ஷியம். பெயரைப் பார்த்து ஜிஎம்டி வளையத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவேண்டாம்.

இந்தச் சோதனையில் ஒளியின் அளவைவிட, பகுதிக்குப் பகுதி ஒற்றுமையைத்தான் நான் நம்புகிறேன். டயலின் புள்ளிகள் ஒரு மாதிரியும் முட்கள் இன்னொரு மாதிரியும் மங்கினால், முட்கள் பிறகு மாற்றப்பட்டவை. பன்னிரண்டு புள்ளிகளில் இரண்டு மட்டும் பளிச்சென்று நின்றால், உதிர்ந்த இடத்தை யாரோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். மணி முள் ஒரு விதம், நிமிட முள் ஒரு விதம் என்றால் அது பல கடிகாரங்களின் பாகம் சேர்த்துக் கட்டியதாக இருக்கலாம். நேர்மையான விற்பனையாளர் இதைச் சொல்லியே விற்பார்.

அடுத்து கைகர் கருவி. மூடிய கடிகாரத்தின் கண்ணாடிமேல் வைத்தால் ரேடியம் உடனே சத்தம் எழுப்பும். ஆல்ஃபா துகளைக் கண்ணாடி தடுத்துவிடும். ரேடியம் சிதைந்து உண்டாகும் ஈயம், பிஸ்மத் வடிவங்களின் பீட்டாவும் காமாவும்தான் வெளியே வந்து கருவியைத் தட்டுகின்றன. பின்மூடிப் பக்கம் திருப்பினாலும் காமா வரும், குறைவாக.

டிரிட்டியம் கடிகாரத்தின்மேல் அதே கருவியை எவ்வளவு நேரம் வைத்தாலும் சுற்றுச்சூழலின் வழக்கமான டிக் டிக் தவிர ஒன்றும் கேட்காது. அதன் பீட்டாவின் உச்ச ஆற்றல் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். காற்றிலேயே ஆறு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. கண்ணாடியைத் தாண்டும் பேச்சுக்கே இடமில்லை. 'டி' எழுத்துப் போட்ட டயல் கருவியில் அதிர்ந்தால், எழுத்தும் பூச்சும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றே கொள்ளவேண்டும். சிலர் கருவி ஒன்றும் காட்டாததைப் பார்த்து, "இது போலி, டிரிட்டியமே இல்லை" என்று தகராறு செய்கிறார்கள். கருவி மௌனமாக இருப்பதுதான் டிரிட்டியத்தின் இயல்பு.

இன்னும் துல்லியம் வேண்டுபவர்களுக்குக் காமா நிறமாலைக் கருவி இருக்கிறது. ரேடியமும் அதன் வழித்தோன்றல்களும் 186, 352, 609 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இடங்களில் உச்சம் காட்டும். அதைப் பார்த்தபிறகு விவாதத்துக்கு இடமில்லை.

விளக்கும் கருவியும் முரண்படும்போதுதான் கதை சுவாரசியமாகிறது. கருவி அதிர்கிறது, விளக்கில் பூச்சு பளபளவென்று நிற்கிறது என்றால், பழைய ரேடியத்தைச் சுரண்டிவிட்டுப் புதுப் பூச்சு போட்டிருக்கிறார்கள், சுரண்டியது முழுதாகப் போகவில்லை. கருவியும் மௌனம், விளக்கிலும் உயிரில்லை என்றால் பழுப்பு நிறச் சாயத்தைத் தடவி ஒப்பேற்றியிருக்கவும் கூடும். ஈரம் ஏறிச் செத்துப்போன உண்மையான டிரிட்டியமாகவும் இருக்கக்கூடும். அங்கே லூப்தான் பேசவேண்டும்.

ஒரு உண்மை உதாரணம். பிரிட்டிஷ் விமானப்படைக்கு 1949 முதல் வழங்கப்பட்ட, ஐடபிள்யுசி நிறுவனத்தின் மார்க் லெவன் கடிகாரம், அதேபோல 1953 இல் ஒமேகா செய்து தந்த விமானி கடிகாரம். இரண்டும் பிறந்தபோது ரேடியம் டயல். 1960களில் பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறையே அவற்றில் பலவற்றைத் திறந்து, வட்டத்துக்குள் 'டி' போட்ட டிரிட்டியம் டயல்களை மாட்டியது. ஒமேகாவில் அரசு முத்திரையான அம்புக்குறி அப்போது தடித்துப்போனதால், சேகரிப்பாளர்கள் மெலிந்த அம்பு, தடித்த அம்பு என்றே பிரித்துப் பேசுகிறார்கள். 1953 கூட்டில் டிரிட்டியம் டயலைப் பார்த்து மோசடி என்று முடிவுகட்டினால், வரலாற்று ஆவணம் ஒன்றைத் தூக்கியெறிந்ததாகிவிடும். படையிலிருந்து மாறாமல் தப்பி வந்த ரேடியம் டயலுக்கோ தனி மதிப்பு.

நிறத்தை நம்பலாமா?

நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவர்களை நான் நம்புவதில்லை. ரேடியம் பூச்சு கடுகு மஞ்சளிலிருந்து காப்பிக்கொட்டை நிறம்வரை போகும். டிரிட்டியம் வெள்ளையில் தொடங்கி, பாலாடை நிறம், வெல்ல நிறம், சில சமயம் பரங்கிக்காய் நிறம்வரை வரும். ஈரம் பட்டால் இரண்டுமே சாம்பலாகவோ பச்சையாகவோ மாறும். ஒரே நாளில் தீட்டிய இரண்டு டயல்கள் ஐம்பதாண்டு கழித்து வெவ்வேறு நிறத்தில் இருப்பது சாதாரணம். போதாக்குறைக்கு, பழுப்பேறிய லூமுக்கு மதிப்பு ஏறியதும் இன்றைய சூப்பர்-லூமினோவாவே 'ஓல்ட் ரேடியம்' என்ற பெயரில் ஒரு பழுப்பு நிறத்தில் கிடைக்கிறது. கதிரியக்கம் துளியும் இல்லாத பொடிக்கு அந்தப் பெயர். நம்மூர் ஸ்டிக்கர் கடைக்குச் சொந்தக்காரப் பெயர்தான்.

நிறம் சொல்லாததை நிழல் சொல்லும். பல ஆண்டுகள் ஓடாமல் ஒரே இடத்தில் நின்ற ரேடியம் கடிகாரத்தில், முட்கள் நின்ற இடத்துக்கு நேர் கீழே டயல் கருகியதுபோல் பழுப்பேறியிருக்கும். முள்ளின் லூமிலிருந்து வந்த கதிர் டயல்மேல் பதித்த தடம் அது. கிரயோனாலோ தேயிலைச் சாற்றாலோ அவ்வளவு இயல்பாக வரைவது கடினம். முட்கள் இன்று லூம் இல்லாத புதிய முட்களாக இருந்து, டயலில் மட்டும் பழைய முட்களின் வடிவில் தடம் இருந்தால், முட்களை மாற்றியது கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல். லூப்பில் பூச்சின் மேற்பரப்பையும் பாருங்கள்: பழைய கைத்தீட்டல் குழைந்த மாவுபோல் சொரசொரப்பாக, நடுவில் சற்றுப் புடைத்து, வெடிப்போடியிருக்கும். விளிம்பு தாண்டி அச்செழுத்தின்மேல் ஏறியிருக்கும் ஈரப்பளபளப்பு அண்மைக்காலத்துக் கை.

இந்தியச் சந்தையில் இதற்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. வெஸ்ட் எண்ட், ஃபேவர்-லூபா, எச்எம்டி என்று இங்கே பரவலாக விற்ற பெயர்களின் பழைய கடிகாரங்களுக்குப் புதிதாக டயல் அச்சடித்து, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இணையத்தில் விற்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்கிறார்கள். டயலின் அடியெழுத்து அங்கே எந்தச் சாட்சியும் சொல்லாது, அதை அச்சிட்டவருக்கு 'டி' எழுத்தின் பொருள் தெரிந்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. அழகைப் பற்றி நான் குறைசொல்ல வரவில்லை. என் கவலை வேறு. புதிய வண்ணம் அடிப்பதற்காகப் பழைய டயலைத் தேய்க்கிறார்களே, அது பழைய ரேடியம் டயலாக இருந்தால் அந்தத் தூள் எங்கே போகிறது?

மூடிய நிலையில், கண்ணாடி உடையாத ஒரு ரேடியம் கடிகாரத்தை அவ்வப்போது கையில் கட்டுவதில் உள்ள அபாயம் சிறியது. திறக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. படிகம் மட்டுமின்றி, அதைப் பிடித்துவைத்திருந்த பிசினும் உளுத்திருக்கும்; தொட்டால் பொடியாக உதிரும். அந்தப் பொடி மூச்சிலோ வாயிலோ போனால், ஆரஞ்ச் நகரத்துப் பெண்களின் எலும்புக்குப் போன அதே வழியில்தான் போகும். டிரிட்டியம் பொடியையும் உள்ளிழுக்கக்கூடாது, ஆனால் அறுபதாண்டில் அதன் வீரியம் பெரும்பகுதி வடிந்துவிட்டது.

நிறையச் சேர்த்துவைப்பவர்கள் ரேடானையும் நினைவில் கொள்ளவேண்டும். ரேடியம் சிதைந்து உண்டாகும் இந்த வாயுவின் அரை ஆயுட்காலம் 3.8 நாள். கூட்டின் இடுக்குகள் வழியே கசியும், மூடிய அறையில் தேங்கும். 2018 இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன், கிங்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முப்பது பழைய ரேடியம் கடிகாரங்கள் கொண்ட ஒரு தொகுப்பை வைத்து அளந்தபோது, அறையின் ரேடான் அளவு பிரிட்டன் பரிந்துரைக்கும் எல்லையைப்போல நூறு மடங்குக்கும் மேல் போனது. படுக்கைக்குப் பக்கத்து மேசை இழுப்பறையில் பத்துப் பதினைந்து ரேடியம் கடிகாரங்களை அடுக்கிவைத்திருப்பவர்கள் அவற்றை ஆள் புழங்காத, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றட்டும்.

கடைசியாக ஒரு காட்சி. நம் தெருமுனை வாட்ச் ரிப்பேர் கடையில், கண்ணில் லூப் மாட்டியபடி முதியவர் ஒருவர் பழைய கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றுகிறார். டயலில் தூசு தெரிகிறது. உடனே குனிந்து வாயால் ஊதுகிறார். ஆயுள் முழுக்கச் செய்துவந்த பழக்கம் அது, யாரும் அவருக்கு வேறுவிதமாகச் சொன்னதில்லை. பழைய, மின்னாத, பழுப்பேறிய எண்கள் கொண்ட கடிகாரம் ஒன்றை அவரிடம் நீட்டும்போது, "அண்ணே, இதுல நிஜமாவே ரேடியம் இருக்கு. ஊதாதீங்க, சுரண்டாதீங்க. கையுறை போட்டுக்குங்க, ஈரத்துணியால மேசையைத் துடைச்சிட்டுக் கையைக் கழுவிடுங்க" என்று சொல்லுங்கள். கடிகாரம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே சொல்லவேண்டிய சொல் அது. சொல்வதற்கு நமக்குக் கால் நிமிடம் ஆகும்.